8 ஆண்டு காத்திருப்பு... ஒரே வாரத்தில் 'காசைத் திருப்பிக் கொடு'! சைபர்பங்க் 2077 கேமர்களைக் கடுப்பேற்றியது ஏன்?

புதுப்படம் ரிலீஸாகிறது. முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்து உட்காருகிறீர்கள். ஹீரோ என்ட்ரி சீனில் ஹீரோவின் தலை மட்டும் தெரிகிறது, உடம்பைக் காணவில்லை. வில்லன் சுவருக்குள் பாதி புதைந்து நிற்கிறார். இடைவேளைக்கு முன்பே நான்கு முறை திரை அணைந்துவிடுகிறது. கேட்டால், 'கொஞ்சம் பொறுங்க, ஜனவரியில சரி பண்ணிடுறோம்' என்கிறார்கள். எப்படி இருக்கும்?

2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' என்ற கம்ப்யூட்டர் கேமை வாங்கிய லட்சக்கணக்கானோருக்கு ஏறக்குறைய இதுதான் நடந்தது. கேம் உலகில் பக் என்பது புதிதல்ல. ஆனால், சோனி போன்ற ஒரு நிறுவனம் தன் கடையில் இருந்தே ஒரு பெரிய கேமைத் தூக்கி எறிந்தது அபூர்வம். அப்படி என்னதான் நடந்தது? இவ்வளவு பெரிய நிறுவனம் எங்கே கோட்டை விட்டது? விரிவாகப் பார்க்கலாம்.

எதிர்பார்ப்பு ஏன் எகிறியது?

போலந்து நாட்டின் வார்சாவைத் தலைமையிடமாகக் கொண்ட சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம்தான் இந்த கேமை உருவாக்கியது. 2015இல் இவர்கள் வெளியிட்ட 'தி விட்சர் 3' உலகம் முழுக்கக் கொண்டாடப்பட்டது. அதனால், 'இவங்க செஞ்சா தப்பா இருக்காது' என்ற நம்பிக்கை ரசிகர்களிடம் ஊறிப்போயிருந்தது.

சைபர்பங்க் பற்றிய அறிவிப்பு 2012 மே மாதமே வந்துவிட்டது. 2013 ஜனவரியில் வந்த முதல் டீசரில் ரிலீஸ் தேதிக்குப் பதிலாக, 'தயாரானதும் வரும்' என்ற பொருளில்தான் குறிப்பு இருந்தது. 2019இல் ஹாலிவுட் நடிகர் கீனு ரீவ்ஸ் மேடையேறி, 2020 ஏப்ரல் 16 என்று தேதியை அறிவித்தபோது அரங்கமே அதிர்ந்தது. அவரும் கேமில் ஒரு முக்கியக் கதாபாத்திரம்.

அந்தத் தேதியில் கேம் வரவில்லை. செப்டம்பர் 17 என்றார்கள். பிறகு நவம்பர் 19 என்றார்கள். கடைசியில் டிசம்பர் 10 என்றார்கள். மூன்று முறை தள்ளிப்போனதில் சில ரசிகர்கள் கோபப்பட்டாலும், எல்லோரும் அப்படியில்லை. 'நல்லா செதுக்கிட்டு வரட்டும்' என்றே பலரும் நினைத்தார்கள். வெளியாவதற்கு முன்பே 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள்.

டிசம்பர் 10ஆம் தேதி என்ன நடந்தது?

விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். அங்கேயும் பக் இருந்தது, ஆனால் விளையாட முடிந்தது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய கன்சோல்களில் விளையாடியவர்களுக்குத்தான் பெரிய அடி.

கட்டடங்கள் மங்கலாகத் தெரிந்தன. கிட்டே போன பிறகுதான் சுவரும் ஜன்னலும் மெதுவாக உருவம் பெற்றன. ஆட்கள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு சோளக்கொல்லை பொம்மை மாதிரி நின்றார்கள். கார் ஓட்டினால் ரோடு வந்து சேரவில்லை. நல்ல விறுவிறுப்பான சண்டையின் நடுவே கேம் பொசுக்கென்று மூடிக்கொண்டது. சமூக வலைதளங்கள் முழுக்க இந்த வீடியோக்கள்தான். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு, வாங்கியவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

சிரிக்க முடியாத பிரச்சினையும் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் விளையாடுவோரின் 'சேவ் ஃபைல்', அதாவது அதுவரை விளையாடியதைப் பதிவு செய்து வைக்கும் கோப்பு, 8 எம்பி அளவைத் தாண்டினால் கெட்டுப்போனது. பொருட்களை நிறையச் சேர்த்து, ஆயுதம் செய்து, ஊரெல்லாம் சுற்றி, பல மணி நேரம் ரசித்து விளையாடியவர்களுக்கே இது நடந்தது. 'பொருட்களைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் முதலில் கிடைத்த பதில். டிசம்பர் 23 வாக்கில் வந்த அப்டேட்டில் அந்த 8 எம்பி வரம்பு நீக்கப்பட்டது. ஆனால், அதற்கு முன்பே கெட்டுப்போன கோப்புகள் போனது போனதுதான்.

பக் ஒரு பக்கம்... பேலன்ஸ் இன்னொரு பக்கம்!

பக் என்பது கேம் நினைத்தபடி ஓடாதது. பேலன்ஸ் இல்லை என்பது வேறு விஷயம். கேம் சரியாகத்தான் ஓடும், ஆனால் விதிகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ரோல் பிளேயிங் கேம்களில் இந்த இரண்டாவது குறைதான் ரசிகர்களை உள்ளுக்குள் அரிக்கும்.

சில உதாரணங்கள்:

* உடை: அப்போது பாதுகாப்பு எண்கள் எல்லாம் உடையில்தான் இருந்தன. கோட் சூட் போட்டு கெத்தாக நடக்க ஆசைப்பட்டால் இரண்டு குண்டில் காலி. உயிர் பிழைக்க வேண்டுமென்றால், பொருந்தாத தொப்பியும் கலர் டவுசரும் போட்டுக்கொண்டு கோமாளி மாதிரி சுற்ற வேண்டும்.

* மருந்து: காயத்தை ஆற்றும் ஊசியையும் மருந்தையும் மூட்டை மூட்டையாகச் சுமக்கலாம். அடி வாங்க வாங்க போட்டுக்கொண்டே இருக்கலாம். அப்புறம் சண்டையில் என்ன பயம் இருக்கும்?

* பணம்: தெருவோர மெஷினில் குளிர்பானம் வாங்கி, அதை உடைத்து உதிரிப்பொருளாக்கி விற்றால் லாபம் வந்தது. சோடா விற்றே பணக்காரர் ஆகலாம் என்றால், உயிரைப் பணயம் வைத்து எதற்கு வேலை பார்க்க வேண்டும்?

* போலீஸ்: ஆள் அரவமே இல்லாத இடத்தில் தவறு செய்தாலும், முதுகுக்குப் பின்னால் போலீஸ் திடீரென முளைத்தது. சரி, காரில் ஏறித் தப்பித்தால் துரத்தவும் மாட்டார்கள்.

இப்படிப்பட்ட கேம்களில் 'என் முடிவுக்கு ஒரு விளைவு உண்டு' என்ற நம்பிக்கைதான் உயிர்நாடி. பல மணி நேரம் யோசித்துத் தன் கதாபாத்திரத்தை வளர்த்தவரும், சோடா விற்றவரும் ஒரே இடத்தில் வந்து நின்றால், முதலாமவருக்குக் கடுப்பு வராமல் என்ன செய்யும்?

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. 2018இல் வந்த 'பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர்' கேமில், தொடக்கத்திலேயே ஒரு குகையில் குட்டிச் சிலந்திக் கூட்டம் வரும். கத்தி, வில் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. தீ வேண்டும். அந்த கேமுக்கு அடிப்படையான மேசை விளையாட்டின் விதிப்படி இது சரிதான். ஆனால் விதி தெரியாத புதியவர்கள், எதற்குச் சாகிறோம் என்றே புரியாமல் செத்துச் செத்து வெளியேறினார்கள்.

ரோல் பிளேயிங் கேம்களில் மட்டும் ஏன் இவ்வளவு பக்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். கேமில் 'ஆம் அல்லது இல்லை' என்று 10 முடிவுகள் இருந்தால், கதை நிற்கக்கூடிய நிலைகள் 1,024. அதுவே 20 முடிவுகள் என்றால் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். இதில் எந்த ஆயுதம், எந்தத் திறமை, எந்த வழியாக உள்ளே வந்தார் என்பதெல்லாம் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

கொல்ல வேண்டிய ஆளை முன்கூட்டியே கொன்றுவிட்டால், அவரிடம் பேச வேண்டிய அடுத்த வேலை என்ன ஆகும்? கதவு வழியே வர வேண்டியவர் கூரை வழியே குதித்தால்? சோதனை செய்பவர்கள் சில நூறு பேர். ரிலீஸ் நாளில் விளையாடுபவர்கள் பல லட்சம் பேர். சோதனைக் கூடத்தில் யாருக்கும் தோன்றாத வழியெல்லாம் முதல் ஒரு மணி நேரத்திலேயே யாருக்காவது தோன்றிவிடும்.

அப்படியானால் தவறு யாருடையது?

2021 ஜனவரியில் நிறுவனத்தின் இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி வீடியோவில் மன்னிப்புக் கேட்டார். முதலில் கம்ப்யூட்டரில் பிரமாண்டமாகச் செய்துவிட்டு, பிறகு பழைய கன்சோலுக்கு ஏற்றாற்போல் மாற்றலாம் என்று நினைத்ததே சிக்கல் என்று விளக்கினார். இது ஏன் சிக்கல்? பிளேஸ்டேஷன் 4 வெளியானது 2013இல். உள்ளே இருப்பது சுழலும் பழைய ரக ஹார்டு டிஸ்க். நெரிசலான நகரத்தில் காரில் பறக்கும்போது, அடுத்த தெருவின் படங்களை அந்த டிஸ்க் உடனுக்குடன் எடுத்துத் தர வேண்டும். அதனால் முடியவில்லை. ரோடு வந்து சேராததற்குக் காரணம் இதுதான்.

தொழில்நுட்பக் குறையைக்கூட ரசிகர்கள் மன்னித்திருப்பார்கள். மறைத்ததுதான் அவர்களைப் புண்படுத்தியது. ரிலீஸுக்கு முன் விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டர் பதிப்பு மட்டுமே தரப்பட்டது. அதிலும் அவர்கள் விளையாடிய காட்சிகளைக் காட்டக் கூடாது, நிறுவனம் கொடுத்த காட்சிகளையே பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை. பழைய கன்சோலில் கேம் எப்படி இருக்கிறது என்பதே, வாங்கிப் போட்ட பிறகுதான் மக்களுக்குத் தெரிந்தது.

ஊழியர்கள் தரப்பிலும் சுமை குறைவில்லை. கட்டாயக் கூடுதல் வேலை இருக்காது என்று 2019இல் சொன்ன நிறுவனம், 2020 கடைசி மாதங்களில் வாரம் ஆறு நாள் வேலை என்று அறிவித்தது.

ரீஃபண்ட் கிடைத்ததா?

டிசம்பர் 14ஆம் தேதி, 'காத்திருக்க விருப்பமில்லாதவர்கள் பணத்தைத் திரும்பப் பெறலாம்' என்று நிறுவனம் அறிவித்தது. உடனே எல்லோரும் சோனியிடம் போனார்கள். அங்கே பலருக்கும் 'முடியாது' என்று பதில் வந்தது. காரணம், பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடு செய்யத் தொடங்கிவிட்ட கேமுக்குப் பொதுவாக ரீஃபண்ட் கிடையாது. சோனியுடன் சிறப்பு ஏற்பாடு எதுவும் செய்யாமலே அந்த அறிவிப்பு வெளியாகியிருந்தது. நடுவில் பந்தாடப்பட்டது பணம் கொடுத்தவர்கள்தான்.

அடுத்த சில நாட்களில் சோனி அதிரடி முடிவெடுத்தது. கேமைத் தன் கடையில் இருந்தே நீக்கி, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூன் 21ஆம் தேதிதான் கேம் அங்கே மீண்டும் விற்பனைக்கு வந்தது. இதற்கிடையே முதலீட்டாளர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட, 18 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது.

இத்தனைக்குப் பிறகும், வெளியான 10 நாட்களில் ரீஃபண்ட் போக 1 கோடியே 30 லட்சம் பிரதிகள் விற்றிருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது அந்த கேம் எப்படி இருக்கிறது?

நம்பினால் நம்புங்கள், இப்போது நன்றாக இருக்கிறது! 2023 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த 2.0 அப்டேட்டில் அடிப்படை விதிகளையே மாற்றி எழுதினார்கள். பாதுகாப்பு எண்கள் உடையில் இருந்து உடலில் பொருத்தும் கருவிகளுக்கு மாறின. பிடித்த உடையைப் போட்டுக்கொண்டு கெத்தாகச் சுற்றலாம். மருந்துக்கு அளவு வந்தது. போலீஸ் காரில் துரத்த ஆரம்பித்தது. திறமைகளைத் தேர்வு செய்யும் முறை முழுவதும் புதிதானது. அடுத்த சில நாட்களில் 'ஃபேன்டம் லிபர்ட்டி' என்ற கூடுதல் கதையும் வந்தது. அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸ் விழாவில் 'தொடர்ந்து மேம்படுத்தப்படும் சிறந்த கேம்' பிரிவில் விருதும் கிடைத்தது. 2024 நவம்பரில் விற்பனை 3 கோடியைத் தாண்டியதாக நிறுவனம் அறிவித்தது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த 2.0 அப்டேட்டும் கூடுதல் கதையும் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கு வரவில்லை. அதாவது முதல் நாளில் அதிகம் அடிபட்டவர்கள் யாரோ, அவர்கள் புது மெஷின் வாங்காதவரை, திருத்தப்பட்ட கேமைப் பார்க்கவே இல்லை.

எல்லா கேமுக்கும் இந்த இரண்டாவது வாய்ப்பும் கிடைப்பதில்லை. 2004 நவம்பரில் வந்த 'வாம்பயர்: தி மாஸ்க்வரேட் - பிளட்லைன்ஸ்' கேமும் பக் மயமாகத்தான் வெளியானது. உருவாக்கிய ட்ராய்கா நிறுவனம் சில மாதங்களிலேயே மூடப்பட்டது. பிறகு ஆண்டுக்கணக்கில் அதைச் சரிசெய்து காப்பாற்றியவர்கள் ரசிகர்கள்தான், அதுவும் ஒரு பைசா வாங்காமல்.

வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

* முன்பதிவுக்கு அவசரம் வேண்டாம். டவுன்லோடு செய்யும் கேமுக்கு ஸ்டாக் தீர்ந்துபோகாது.

* விமர்சனம் எந்த மெஷினில் விளையாடி எழுதப்பட்டது என்று பாருங்கள். உங்களிடம் இருக்கும் அதே மெஷினில் ஓடும் வீடியோவைத் தேடிப் பாருங்கள். அப்படி ஒரு வீடியோவே ரிலீஸுக்கு முன் கிடைக்கவில்லையா? அதுவே ஓர் எச்சரிக்கைதான்.

* ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். பெரிய ரோல் பிளேயிங் கேம்களில் அறிமுகக் கதையே 2 மணி நேரத்தைத் தாண்டும். அதனால் கடிகாரத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

* ஒரே சேவ் ஃபைலை நம்பாதீர்கள். நான்கைந்து இடங்களில் தனித்தனியாகச் சேவ் செய்து வையுங்கள். ஒன்று கெட்டாலும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை.