அப்பாவுக்குத் தர ஒரு நாள்

அனுபவப் பரிசு என்பது பொருளுக்குப் பதிலாக ஒரு பயணத்தையோ நிகழ்ச்சியையோ தருவது. கொங்கு நாட்டு அப்பாக்கள் பலர், எடுத்துக்கொடுத்த சட்டையையும் கைக்கடிகாரத்தையும் நல்ல நாளுக்கு ஆகட்டும் என்று பீரோவில் வைத்துவிடுவார்கள். பயணத்தை அப்படிப் பூட்டிவைக்க முடியாது. சிண்டி சான், கேசி மொகில்னர் என்னும் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வும் பொருளைவிட அனுபவமே தருபவரையும் பெறுபவரையும் நெருக்கமாக்குகிறது என்கிறது. அதை அனுபவிக்கும்போது எழும் உணர்ச்சியே காரணம். கொடுத்தவர் கூடவே இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? நட்சத்திர விடுதியில் அப்பா கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருக்கும் இடத்துக்கு அழைத்துப்போவதே மேல். அவர் பார்த்த வேலையிலிருந்து தொடங்கினால் வழி தெரியும்.

லேத் பட்டறையிலோ பவுண்டரியிலோ உழைத்தவருக்கு மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயில். ஊட்டிக்குப் பலமுறை பஸ்ஸில் போயிருப்பார், ரயிலில் ஏறியிருக்க மாட்டார். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய இந்த 46 கிலோமீட்டர் பாதை 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை தொடங்குகிறது. ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி உயரும் அந்த ஏற்றத்தில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும்; எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் பட்டையைக் கவ்விக்கொண்டு குன்னூர் வரை ஏறுகிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் நிலையத்தில் வண்டி நிற்கும்போது, வாழ்நாளெல்லாம் கியர் வெட்டியவர் இறங்கிக் குனிந்து பார்க்காமல் இருக்க மாட்டார். டிக்கெட் கிடைப்பதுதான் சிரமம், முன்பதிவு திறந்த உடனே எடுத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து சேவை நின்றுபோவதுண்டு.

பஸ், லாரித் தொழிலில் இருந்தவருக்குக் கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸோடு தொழிலில் இறங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயர் தாங்கியது. அரை நாள் போதும்.

தோட்டங்காட்டில் மாடு கட்டி உழைத்தவரைச் சித்திரை மாதம் கண்ணபுரத்துக்குக் கூட்டிப்போகலாம். மாரியம்மன் கோவில் திருவிழாவை ஒட்டி அங்கே கூடும் சந்தை காங்கேயம் மாடுகளுக்குப் பேர்போனது. மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று நிறம் பிரிப்பார்கள். பல் பார்த்து வயதும், சுழி பார்த்து ராசியும் சொல்வார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். டிராக்டர் வந்தபின் மாட்டை விற்றுவிட்ட அப்பா, ஒரு மயிலைக் காளையின் வாயைத் திறந்து “நாலு பல்லு” என்று சட்டெனச் சொல்லும்போது, பட்டணத்தில் வளர்ந்த மகளுக்கு அவருடைய கைவித்தை முதல்முறையாகத் தெரியவரும். அன்றைக்கு அவர் சொல்லித்தருவார், பிள்ளை கேட்டுக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கும் எந்தப் பொருளிலும் இது கிடைக்காது.

விஷயத்தைச் சொன்னதும், “எதுக்கு கண்ணு தெண்டச் செலவு?” என்பதுதான் முதல் பதிலாக வரும். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று தெரிந்தால், காசு வீணாகக் கூடாதென்றே கிளம்பிவிடுவார். ஆனால் கடைசி நிமிடம் வரை மறைத்து வைக்கக் கூடாது. மாடு கறக்கவும் தண்ணீர் கட்டவும் அந்த நாளுக்கு ஆள் வேண்டும், அதையும் பிள்ளைகளே ஏற்பாடு செய்துவிட்டால்தான் அவர் மனம் தோட்டத்தைவிட்டு நகரும். மலை ரயில் ஏறி முடிக்க ஐந்து மணி நேரம் ஆவதால், முழங்கால் வலி உள்ளவரை வழியிலுள்ள குன்னூரிலேயே இறக்கிக் காரில் அழைத்து வரலாம். கண்ணபுரத்துக்கு விடியற்காலையிலேயே போய், சித்திரை வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவது நல்லது.