பால் ஜாயிண்ட் பூட் கிழிஞ்சா என்ன செய்யணும்?

சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், தேரை இழுக்கிறதைவிடத் திருப்புறதுதான் பெரும்பாடு. தேரோட அச்சு திரும்பாது. அதனால ரதவீதி மூலையில சக்கரத்துக்கு அடியில கட்டையைப் போட்டுச் சறுக்க வச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் திருப்புவாங்க. காரின் முன் சக்கரத்துக்கு அவ்வளவு நேரம் கிடையாது. பள்ளத்தில் ஏறி இறங்கிக்கிட்டே இடமும் வலமும் திரும்பணும். இந்த ரெண்டு அசைவையும் ஒரே இடத்தில் தாங்குறது பால் ஜாயிண்ட். கிண்ணத்துக்குள்ள ஒரு எஃகு உருண்டை, அதிலிருந்து நீளும் ஒரு தண்டு, அவ்வளவுதான். நம்ம தோள்மூட்டு மாதிரி. கிண்ணம் லோயர் ஆர்மில் இருக்கும். தண்டு, சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற நக்கிளில் மாட்டியிருக்கும்.

அந்த மூட்டை மூடியிருக்கிற சின்ன ரப்பர் குல்லாதான் பூட். கிரீஸ் வெளியே போகக்கூடாது, தண்ணியும் மணலும் உள்ளே வரக்கூடாது. அதுக்கு இதைத் தவிர வேற வேலை இல்லை.

அம்பாசடர் ஓட்டினவங்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். அந்த வண்டியில் முன்பக்கம் கிரீஸ் நிப்பிள் உண்டு. கன் வச்சு அடிச்சா புது கிரீஸ் உள்ளே போய், பழசும் அழுக்கும் வெளியே பிதுங்கிடும். மாருதி 800 மாதிரி வண்டிகளில் ஜாயிண்டை அடைச்சே அனுப்புறாங்க. உள்ளே இருக்கிற கிரீஸ்தான் அதன் ஆயுள் முழுக்க. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ன வண்டி அது. கடைசியா வந்ததுக்கே பத்து வயசு தாண்டியாச்சு, ரப்பருக்கு அது ரொம்ப அதிகம்.

ஆக, பூட் கிழிஞ்சிருக்குன்னு மெக்கானிக் சொன்னா, நாம திருப்பிக் கேட்க வேண்டியது "எப்போ கிழிஞ்சிருக்கும்?" என்பதைத்தான். போன வாரம் கிழிஞ்ச பூட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிழிஞ்சே ஓடின பூட்டும் பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கும். உள்ளே நடந்திருக்கிறது வேற வேற. நம்ம ஊருக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. வயக்காட்டு ஓரச் சகதி ஒரு பக்கம், மணக்குடிப் பக்கம் போனா உப்புக்காத்து. உள்ளே வெள்ளம் ஏறிட்டுன்னா, வழவழப்பான உருண்டையில் துருப் புள்ளிகள் விழும். ஜாயிண்ட் அசையும்போதெல்லாம் அந்தப் புள்ளிகள் கிண்ணத்தின் உள்பூச்சை அரம் மாதிரி அராவும். இடைவெளி கூடிக்கிட்டே போய், ஒருநாள் உருண்டை கிண்ணத்தை விட்டுக் கழன்று வரும். சக்கரம் பக்கவாட்டில் மடிஞ்சு விழும். கன்னியாகுமரி ரோட்டில் அறுபதில் போகும்போது அப்படி நடந்தா ஸ்டியரிங்கைப் பிடிச்சு எந்தப் பிரயோஜனமும் இல்லை.

அதனால புது பூட் வாங்கும் முன்னே ஆட்டம் இருக்கான்னு பாக்கணும். மாருதி 800-ன் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற பொறியாளரின் பேர்; 1950-ல் ஃபோர்டு கான்சல் காரில் வந்தது). இதில் ஸ்பிரிங் மேலே இருக்கிறதால வண்டியின் எடை கீழ் பால் ஜாயிண்ட் மேல் உட்காராது. ஜாக்கியை பாடிக்கு அடியில் கொடுத்து, ஸ்டாண்ட் வச்சு, சக்கரத்தைத் தொங்க விடுங்க. டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து மெல்ல நெம்பணும். இன்னொருத்தர் ஜாயிண்டையே பார்த்துக்கிட்டு இருக்கணும். டக்டக்னு சத்தமோ கண்ணுக்குத் தெரியுற அசைவோ இருந்தா பேச்சே வேண்டாம், ஜாயிண்டை மாத்துங்க. சில வண்டிகளில் லோயர் ஆர்மோட சேர்த்துத்தான் கிடைக்கும். ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல் உட்காரும் வண்டின்னா ஜாக்கி ஆர்முக்கு அடியில் போகணும், இல்லைன்னா ஆட்டம் மறைஞ்சுக்கும்.

ஆட்டமே இல்லை, ஒழுகின கிரீஸை விரலில் தேய்ச்சா மணலும் துருநிறமும் இல்லைன்னா, பூட் மட்டும் மாத்தினா போதும். கிளாம்ப் போல்ட் போட்ட நக்கிளில் போல்ட்டை முழுசா உருவணும். தண்டில் அதுக்கு ஒரு காடி உண்டு, தளர்த்தினா மட்டும் வராது. நட்டும் ஸ்ப்ளிட் பின்னும் போட்ட வகையில் தண்டு சரிவா இறுகி இருக்கும். நட்டை நுனியில் விட்டுட்டு, நக்கிளின் கண்ணுக்குப் பக்கவாட்டில் சுத்தியலால் ரெண்டு போடு போட்டா விட்டுக்கொடுக்கும். தண்டு நுனியில் அடிச்சா மரை போச்சு. பழைய கிரீஸைத் துணியால் துடைங்க. பெட்ரோல் ஊத்திக் கழுவினா உருண்டைக்கு அடியில் தங்கி, புது கிரீஸையும் கரைச்சிடும். லித்தியம் கிரீஸ் வச்சு, தண்டை எல்லாப் பக்கமும் சுழற்றுங்க. பூட்டுக்குள் பாதிக்கு மேல் திணிக்க வேண்டாம், திரும்பும்போது பிதுங்கி வளையத்தைத் தள்ளிடும். பிறகு சரியான அளவுக் குழாயை வச்சு, சுத்திலும் சமமா அழுத்தி உட்கார வைக்கணும். ஸ்ப்ளிட் பின் புதுசாத்தான் போடணும்.

கடையில் பூட் கேட்கும்போது பழசைக் கையில் கொண்டு போங்க. வாய் அகலம், உயரம், தண்டுத் துளை, மூணும் பொருந்தணும்.

சைக்கிள் டியூபை வெட்டிச் சுத்திக் கம்பி கட்டுற வைத்தியம் நம்ம பக்கம் உண்டு. பணம் மிச்சம்தான், ஆனா ரப்பரே ஒத்துக்காது. குலசேகரம் பக்கம் மரத்தில் வடியுற பால்தான் இயற்கை ரப்பர். இழுவைக்கு அதை மிஞ்ச ஆளில்லை, எண்ணெய் பட்டா மட்டும் ஊறி உப்பிடும். சந்தேகம்னா ஒரு ரப்பர் பேண்டை எஞ்சின் ஆயிலில் ராத்திரி போட்டு, காலையில் பாருங்க. இந்தக் குறைக்குத்தான் அமெரிக்காவில் டூபான் கம்பெனி 1930-ல் நியோப்ரீனைக் கண்டுபிடிச்சது. நல்ல பூட்டெல்லாம் அந்த வகை செயற்கை ரப்பர். ரப்பர் விளையுற மாவட்டத்தில் இருந்துக்கிட்டு வெளியூர் ரப்பரை வாங்க வேண்டியிருக்கு, என்ன செய்ய. டியூப் துண்டு இன்னொரு தொல்லையும் கொடுக்கும். வடிஞ்ச தண்ணி வெளியேறாம உள்ளேயே தேங்கி நிக்கும். திறந்து கிடந்த ஜாயிண்டைவிட அது சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஒரு பக்கம் கிழிஞ்சிருந்தா, மறுபக்கமும் அதே வயசுதான். சக்கரத்தைக் கழட்டினதோட அதையும் டை ராட் எண்டின் பூட்டையும் விரலால் மடக்கிப் பாருங்க, மடிப்பில்தான் முதல் வெடிப்பு தெரியும். பூட் மட்டும் மாத்தினா அலைன்மென்ட் தேவையில்லை. ஆர்ம் மாத்தியிருந்தா ஒருதடவை பார்த்துக்கிடுங்க.