வீடியோ தளங்கள்: ஒரே அணையா, ஊருக்கு ஊர் ஏரியா?

நாற்றங்கால் தயாரிப்பு, தென்னையில் காண்டாமிருக வண்டு ஒழிப்பு, சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு நீக்குதல் போன்றவற்றைச் செல்போனில் படமெடுத்து யூடியூபில் வெளியிடும் உழவர்கள் இன்று பலர். அப்படி வெளியிட்ட படம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் சிலரே.

யூடியூப் 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே கூகுள் நிறுவனம் அதை 165 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. படத்தைச் சேமிப்பது, யாருக்கு எதைக் காட்டுவது, விதி மீறியதாகக் கருதினால் நீக்குவது எல்லாம் அந்நிறுவனத்தின் முடிவே. இது பெரிய அணையின் கால்வாயில் பாசனம் பெறுவது போன்றது. நமக்குச் செலவில்லை, பார்ப்பவர்கள் ஏராளம், தகுதி பெற்றால் விளம்பர வருமானத்தில் பங்கும் உண்டு. ஆனால், மதகு நம் கையில் இல்லை.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள பிளெண்டர் அறக்கட்டளை, முப்பரிமாணப் படம் உருவாக்கும் மென்பொருளை இலவசமாக வழங்கும் அமைப்பு. விளம்பரமின்றி யூடியூபில் பாடங்களை வெளியிட்டு வந்தது. 2018 ஜூன் மாதம் அதன் படங்களை உலகெங்கும் யாரும் பார்க்க முடியாதபடி யூடியூப் தடுத்தது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்கப்பட்டது. சில நாட்களில் படங்கள் மீண்டும் வந்தன. எனினும் அதே மாதத்தில் அந்த அமைப்பு, அப்போது சோதனை நிலையில் இருந்த பீர்டியூப் மென்பொருளைக் கொண்டு தனக்கென ஒரு தளம் அமைத்துக்கொண்டது. யூடியூபையும் கைவிடவில்லை, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

தடை அரசிடமிருந்தும் வரலாம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் படம் வெளியிட்டு வந்த நம் நாட்டினர் அங்கு சேர்த்திருந்த பார்வையாளர்களை இழந்தனர்.

பீர்டியூப் செயல்படும் விதம்

இது பிரான்சு நாட்டின் ஃபிரமாசாஃப்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பின் இலவச மென்பொருள். முதல் முழுப் பதிப்பு 2018 அக்டோபரில் வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு சர்வரில் இதை நிறுவித் தமக்கென விதிமுறை வகுத்து நடத்தலாம். ஒரு தளம் மற்றொரு தளத்தைப் பின்தொடர்ந்தால், அங்குள்ள படங்கள் இங்கும் பட்டியலில் தெரியும். வாய்க்காலால் இணைந்த சங்கிலித் தொடர் ஏரிகளைப் போன்றது எனலாம். ஓர் ஏரி வற்றினாலும் மற்றவை இருக்கும். (ஏரி நீர் அடுத்த ஏரிக்குப் போய்விடும், படம் பெரும்பாலும் மூலத்தளத்திலேயே தங்கியிருக்கும். அந்த அளவில் உவமை பொருந்தாது.) ஒரே படத்தைப் பலர் ஒரே நேரத்தில் பார்க்கும்போது, அவர்களுடைய கருவிகள் படத்தின் பகுதிகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்வதால் சர்வரின் சுமை குறைகிறது.

குறைகளும் உண்டு. சர்வர் வாடகையும் பராமரிப்பும் நடத்துபவர் தலையில் விழும். பார்வையாளர்கள் மிகக் குறைவு. யூடியூப் தருவது போன்ற விளம்பரப் பங்கு இல்லை. பிறர் நடத்தும் தளத்தில் சேர்ந்தால், அவர் அதை மூடும் நாளில் நம் படமும் போய்விடும். ஆகவே தனி உழவர் சர்வர் அமைப்பது கட்டுப்படியாகாது. தொழில்நுட்பம் அறிந்த ஒருவர் இருந்தால், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கூட்டாக முயன்று பார்க்கலாம்.

எந்தத் தளமானாலும், எடுத்த மூலப்படத்தை அழித்துவிடாமல் தனி ஹார்டு டிஸ்க்கில் பயிர்ப் பெயரும் தேதியும் குறித்துச் சேமித்து வைக்கவும். தளத்திலிருந்து திரும்ப இறக்கும் படம் பெரும்பாலும் பழைய தெளிவுடன் இருப்பதில்லை. கணக்கு முடக்கப்பட்ட பின்னர் இறக்குவதும் கடினம்.