ஒரு வாரம், ஒரு பயிற்சி: வீட்டிலிருந்தே தொடங்கலாம்

சர்க்கரைக்குப் போனாலும், பிரஷருக்குப் போனாலும், மூட்டு வலிக்குப் போனாலும் மருந்துச் சீட்டை எழுதி முடித்துவிட்டு டாக்டர் கடைசியாக ஒன்று சொல்வார்: "தினமும் நடங்க." நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறோம். நடை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. மாத்திரைக்கு "காலை 1, இரவு 1" என்று ஓர் அளவு இருக்கிறது. நடைக்கு அப்படி எதுவும் சீட்டில் இருப்பதில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமலேயே பலர் தொடங்காமல் இருக்கிறோம்.

அதற்கு ஓர் எளிய வழி, வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்வது. அதற்கு ஓர் எண் இருக்க வேண்டும்: இத்தனை நிமிடம் அல்லது இத்தனை தடவை. ஒரு ஜும்ஆவில் தொடங்கி அடுத்த ஜும்ஆவில் முடித்துக்கொண்டால் கணக்கு மறக்காது.

துபாயில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. பட்டத்து இளவரசர் ஷேக் ஹம்தான் தொடங்கி வைத்த 'துபாய் ஃபிட்னஸ் சேலஞ்ச்' 2017 முதல் அங்கே ஆண்டுதோறும் நடக்கிறது. 30 நாட்கள், தினமும் 30 நிமிடம் உடற்பயிற்சி. ஷேக் சாயித் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களை ஓட விடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் உம்மாவுக்கோ அத்தாவுக்கோ 30 நாள் என்பது பெரிய தூரம். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் வந்தால் போதும், அத்தோடு விட்டுப்போகும். ஏழு நாள் என்றால் முடிவு கண்ணுக்குத் தெரியும். இரண்டு நாள் தவறிவிட்டால் அதே வாரத்தைத் திரும்பச் செய்தால் போயிற்று.

இது சும்மா பொழுதுபோக்கு விஷயமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள் இன்னும் 13.6 கோடி. நம் வீடுகளில் யாருக்கு இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினாலே தெரிந்துவிடும்.

முதல் வாரத்துக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிட நடை. இதை முதலில் வைக்கக் காரணம் உண்டு. தசைகள் வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்து எரிக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் இது நடக்கும். நம்மில் பலர் இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் முடித்துவிட்டு நேராகப் படுக்கைக்குப் போகிறோம். அந்த இரண்டுக்கும் நடுவில் 10 நிமிடத்தை நுழைப்பதுதான் இந்த வாரத்து வேலை. தெருவில் நடக்கத் தயக்கமுள்ள பெண்களுக்கு மொட்டை மாடி போதும். முற்றமோ நீளமான தாழ்வாரமோ இருந்தாலும் சரி. 10,000 அடி நடக்க வேண்டும் என்று மிரள வேண்டாம். அந்த எண் 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர்கள் அளந்து சொன்ன எல்லை அல்ல.

இரண்டாம் வாரத்துப் பயிற்சியைத்தான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறோம். நம் பள்ளிவாசல்களில் நாற்காலி போட்டுத் தொழுபவர்களைக் கவனித்திருப்பீர்கள். நோயாலோ அறுவை சிகிச்சையாலோ நாற்காலிக்கு வந்தவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அவர்களுக்கு அது தேவை. ஆனால் தொடைத் தசை மெலிந்து, சுஜூதிலிருந்து எழ முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலிக்கு வந்து சேர்ந்தவர்களும் அவர்களிடையே உண்டு. வயது கூடக் கூடத் தசை கரைகிறது. வேலை கொடுக்காவிட்டால் இன்னும் வேகமாகக் கரைகிறது. கை ஊன்றாமல் எழும் பலம் போய்விட்டால் தொழுகை மட்டுமல்ல, குளியலறைக்குப் போவதும் அடுத்தவர் உதவியில் வந்து நின்றுவிடும்.

பயிற்சி இதுதான். கை வைக்காத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு உட்காருங்கள். முழுதாக எழுந்து நின்று, மெதுவாக உட்காருங்கள். முதல் நாள் மட்டும் 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று ஒருவர் எண்ணி, காலண்டரில் குறித்து வையுங்கள். முதியோரைச் சோதிக்க மருத்துவர்களும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அளவுப்படி 60 முதல் 64 வயதுக்குள் இருக்கும் ஆணுக்கு 14க்குக் கீழும், பெண்ணுக்கு 12க்குக் கீழும் போனால் சராசரிக்குக் குறைவு. எண் குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம். அதைத் தெரிந்துகொள்ளத்தானே எண்ணுகிறோம். அதன் பிறகு தினமும் 10 முறை, அவசரமில்லாமல் செய்தால் போதும். முடியாதவர்கள் 5 முறையில் தொடங்கலாம்.

"ஐந்து வேளை தொழுகிறோமே, அதுவே உடற்பயிற்சிதானே?" என்று சிலர் கேட்பார்கள். தொழுகை இபாதத். குனிந்து நிமிர்வதால் உடம்புக்கு நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதயமும் நுரையீரலும் கேட்கும் அளவுக்கு மூச்சு வாங்க வைப்பது அதன் நோக்கமே அல்ல. அந்தத் தேவையைத் தனியாகத்தான் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் ஒற்றைக் காலில் நிற்பது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலிலும் 10 விநாடி, மூன்று முறை. பழகியபின் ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதன் பாடு பெரிது. வழுக்கும் குளியலறைகள் உள்ள வீடுகளில் இதைத் தவிர்க்காதீர்கள்.

நான்காம் வாரம் நடையை வேகமாக்குங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்துக்கு 150 நிமிடமாவது இப்படி அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்குச் சுமார் 22 நிமிடம். முன்பு ஒரே மூச்சில் 10 நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்றிருந்தது. 2020 இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கடைக்கு நடந்து போன 5 நிமிடமும் கணக்கில் சேரும். வீட்டு வேலையும் சேரும், மூச்சு வாங்கினால். அம்மியும் உரலும் கிணற்று வாளியும் போய் மிக்ஸியும் மோட்டாரும் வந்த பிறகு அந்த அளவுக்கு மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் புதிதாகத் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். படபடப்பு, நடுக்கம், திடீர் வியர்வை வந்தால் உடனே வாயில் போட வேண்டும். பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. நெஞ்சு அழுத்தினாலோ, தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் கோடை வெயிலில் வெளியே நடக்க வேண்டாம், குளிரூட்டிய மால்களிலேயே நடக்கலாம். நோன்பு மாதத்தில் இஃப்தாருக்குப் பின், இரவில் வைத்துக்கொள்வது உடம்புக்கு இதம்.

குடும்ப வாட்ஸப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்குப் பதிலாக, அன்றன்றைய பயிற்சியை முடித்தவர்கள் ஒரு டிக் போடட்டும். சார்ஜாவில் இருக்கும் மகனும் ஊரிலிருக்கும் உம்மாவும் ஒரே வாரத்தைச் செய்யலாம். நான்கு வாரமும் முடிந்தபின் மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்து 30 விநாடி எண்ணிப் பாருங்கள். வந்த எண்ணைக் காலண்டரில் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.