வாயில் வெள்ளைப் படலம்: யாருக்கு எந்த மருந்து?

சொந்த ஊருக்குத் திரும்பும் குடும்பங்கள் பல, நலன்புரி நிலையத்தில் கிடைத்த மருந்துகளையும் கையோடு கொண்டுவருகின்றன. பாதி முடிந்த போத்தல், மிஞ்சிய குளிசைகள், ஒரு பூசுமருந்து என்று பையில் ஏதாவது இருக்கும். பிள்ளையின் நாக்கில் வெள்ளை கண்டதும், வைத்தியசாலை தூரம் என்பதால் அவற்றில் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் பாட்டிக்குச் சுகம் தந்த மருந்து கைக்குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம். அதனால் இந்த மருந்துகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை அறிந்து வைத்திருங்கள்.

இது என்ன வருத்தம்?

கன்டிடா என்ற பங்கசு பலருடைய வாயில் தீங்கு செய்யாமல் இருப்பது. உடலின் எதிர்ப்புச் சக்தி குறையும்போது அது பெருகி, நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தயிர்த் துணிக்கை போல வெள்ளையாகப் படியும். சில ஊர்களில் இதை அக்கரம் என்பார்கள். மெதுவாகத் துடைத்தால் படலம் கழன்று, அடியில் சிவந்திருக்கும். சிலவேளை சற்று இரத்தமும் கசியும். குழந்தை பால் குடிக்க மறுக்கும். பெரியவர்களுக்கு வாய் எரியும், சாப்பாட்டில் ருசி தெரியாது.

குழந்தையின் நாக்கில் மட்டும் மெல்லிய வெள்ளை இருந்து, துடைத்ததும் சிவப்பில்லாமல் போய்விட்டால் அது பால் படிவுதான். அதற்கு மருந்து வேண்டாம்.

கைக்குழந்தைகள், போசாக்குக் குறைந்த பிள்ளைகள், சீனி வருத்தம் உள்ளவர்கள், பொய்ப்பல் கட்டியவர்கள், முட்டு வருத்தத்துக்கு ஸ்டீரொயிட் பம்ப் பாவிப்பவர்கள், அண்மையில் அன்டிபயோட்டிக் மருந்து எடுத்தவர்கள் ஆகியோருக்கு இது அதிகம் வரும்.

நிஸ்டற்றின் துளிமருந்து

பச்சிளம் குழந்தைக்கும் கொடுக்கக்கூடிய மருந்து இது. குடலிலிருந்து உடலுக்குள் மிகக் குறைவாகவே சேர்வதால் பக்க விளைவு குறைவு, மற்ற மருந்துகளோடும் மோதாது. ஆனால் படலத்தில் பட்டால்தான் வேலை செய்யும். வழமையான அளவு ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றர், நாளுக்கு 4 தடவை, 7 நாட்கள். போத்தலை நன்றாகக் குலுக்குங்கள். பால் அல்லது சாப்பாடு கொடுத்த பிறகு, பாதியை ஒரு கன்னத்திலும் பாதியை மறு கன்னத்திலும் விடுங்கள். பெரியவர்கள் உடனே விழுங்காமல் வாயில் வைத்துக் கொப்பளித்து விழுங்க வேண்டும். படலம் மறைந்த பின்னும் 2 நாட்கள் தொடர வேண்டும். மூன்றாம் நாளே நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது.

மைக்கொனசோல் ஜெல்

இது வாயில் ஒட்டி நிற்பதால் கைக்குழந்தைகளில் நிஸ்டற்றினை விட விரைவாகச் சுகம் தரலாம். ஆனால் களி போன்ற இந்த மருந்து சிறு குழந்தையின் தொண்டையை அடைத்து மூச்சுத் திணற வைக்கும். 4 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இதைக் கொடுக்க வேண்டாம். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு 6 மாதம் வரை வேண்டாம். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கும் சுத்தமான விரலால் சிறிது சிறிதாகப் பூசுங்கள், தொண்டைப் பக்கம் வைக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்கள் இந்த ஜெல்லைப் பாவித்தால் கடுமையான இரத்தப்போக்கு ஏற்படலாம்.

புளுக்கொனசோல்

விழுங்கும் மருந்து. இரத்தத்தில் சேர்ந்து உடல் முழுவதும் வேலை செய்யும். படலம் கடுமையாக இருந்தால், மற்ற மருந்துக்குக் குறையாவிட்டால், அல்லது தொண்டைக்குக் கீழே பரவினால் வைத்தியர் இதைத் தருவார். வாய்ப் படலத்துக்குப் பொதுவாக 7 முதல் 14 நாட்கள் எடுக்க வேண்டும். பெண்களின் வெள்ளைபடுதலுக்குத் தரும் ஒற்றைக் குளிசை இதற்குப் போதாது. கர்ப்பிணிகள், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், வார்பரின் எடுப்பவர்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கிளிபென்கிளமைட் போன்ற சீனிக் குளிசை எடுப்பவர்களுக்கு இரத்தச் சீனி திடீரெனக் குறையலாம்.

வேறு மருந்துகள்

ஊதா நிற ஜென்சன் வயலட் பழைய மருந்து. கடுமையான கரைசல் வாயைப் புண்ணாக்கும். இதன் பாதுகாப்புப் பற்றிய கேள்விகளும் எழுந்துள்ளதால், மருந்துப் பையில் கிடக்கும் போத்தலை எடுத்துப் பூசாதீர்கள். தோலுக்குப் பூசும் பங்கசுக் கிறீமையும் வாய்க்குள் பூசக்கூடாது. 1 வயதுக்குக் குறைந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவ வேண்டாம். அதனால் உயிராபத்தான நச்சு நோய் வரலாம்.

மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை

தாயின் முலைக்காம்பு சிவந்து நோவெடுத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சூப்பியையும் பால் போத்தலையும் ஒவ்வொரு முறையும் கழுவி அவியுங்கள். பொய்ப்பல்லை இரவில் கழற்றித் துலக்கி வையுங்கள். பம்ப் இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இவற்றைச் செய்யாவிட்டால் எந்த மருந்தும் நிலைத்த சுகம் தராது.

தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியது எப்போது?

• குழந்தை பால் குடிக்காவிட்டால், சோர்ந்திருந்தால், காய்ச்சல் இருந்தால்
• விழுங்கும்போது நெஞ்சுக்குள் நோவெடுத்தால்
• 7 நாள் மருந்துக்குப் பிறகும் குறையாவிட்டால், அல்லது திரும்பத் திரும்ப வந்தால். சீனி வருத்தம், எச்.ஐ.வி. போன்றவை இருக்கின்றனவா என்று பரிசோதிக்க வேண்டியிருக்கும்.
• வெள்ளைத் திட்டு துடைத்தாலும் போகாமல் இருந்தால். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்களுக்கு இது வாய்ப் புற்றுநோயின் முன் அறிகுறியாக இருக்கலாம். பங்கசு மருந்து பூசிப் பார்த்து மாதங்களை வீணாக்காமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அரசாங்க வைத்தியசாலைகளில் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. போகும்போது பழைய கிளினிக் கொப்பியையும், வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் கொண்டுபோங்கள். கொப்பி தொலைந்திருந்தாலும் போங்கள். நீங்கள் எடுக்கும் மருந்துகளைக் கண்ணால் பார்த்தால், உங்களுக்கு ஏற்றது எது என்பதை வைத்தியர் சுலபமாகத் தீர்மானிப்பார். கைக்குழந்தை உள்ள வீடாயின், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் காட்டி ஆலோசனை கேட்கலாம்.