நஞ்சுக்கொடியில் தொடங்கும் பிபி

பிரசவம் முடிந்து எல்லாருடைய கண்ணும் குழந்தை மேல் இருக்கும். நர்ஸ் ஒருவர் மட்டும் ஓரமாக நின்று, ட்ரேயில் கிடக்கும் நஞ்சுக்கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று பார்க்கத்தான். நிறைமாத நஞ்சுக்கொடி சுமார் அரைக் கிலோ இருக்கும். சாப்பாட்டுத் தட்டு அகலம். கர்ப்பப்பையோடு ஒட்டியிருந்த பக்கம் ஈரல் நிறம். பிபி இருந்த தாயின் நஞ்சுக்கொடியோ பல சமயம் சிறுத்திருக்கும். அங்கங்கே வெளிறிய திட்டுகள் தெரியும். தொட்டால் கெட்டியாக இருக்கும். ரத்தம் வராமல் செத்துப்போன இடங்கள் அவை.

பிபி ஏறியதால் வந்த வினை என்றுதான் பொதுவாகச் சொல்வோம். முன்பே ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் விஷயத்தில் அதில் உண்மை உண்டு. ஆனால், கர்ப்பத்தின் பாதியைத் தாண்டிய பிறகு புதிதாக வரும் ப்ரீஎக்ளாம்ப்சியாவில், அதிலும் சீக்கிரமே தலைகாட்டும் வகையில், கதை தலைகீழ். முதலில் கோளாறாவது நஞ்சுக்கொடி; பிபி பிறகுதான் ஏறுகிறது.

கரு ஒட்டிய ஆரம்ப மாதங்களில் நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பைச் சுவருக்குள் புகுந்து, அங்குள்ள சுருள் தமனிகளின் தசையை அகற்றி, அவற்றை வாயகன்ற குழாய்களாக மாற்றும். ஏறக்குறைய வாய்க்கால் தூர்வாருகிற வேலை. அது ஒழுங்காக நடந்தால் நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கர்ப்பப்பைக்கு வரும், அதுவும் நிதானமாக. பாதியில் நின்றுபோனால் தமனி குறுகலாகவே கிடக்கும். ரத்தம் கொஞ்சமாக, பீய்ச்சியடித்து வந்து நஞ்சுக்கொடியின் மெல்லிய இழைகளைச் சிதைக்கும். குழந்தைக்கு ஆக்சிஜனும் சத்தும் போதாமல் எடை ஏறாது.

ரத்தத்துக்கு ஏங்கும் நஞ்சுக்கொடி சும்மா இருக்காது. எஸ்ஃப்ளிட்-1 என்ற புரதத்தைத் தாயின் ரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலக்கும். ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பேணும் காரணிகளை அது பிடித்து முடக்கிவிடும். 2003-ல் இதைக் காட்டிய பாஸ்டன் ஆய்வுக் குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமஞ்சி. இந்தப் புரதம் ஏற்றப்பட்ட கர்ப்பிணி எலிகளுக்கு பிபி எகிறியது. சிறுநீரில் புரதம் போனது. ஒரு காலத்தில் ஆங்கில மருத்துவமும் இந்த நோயை டாக்சீமியா, அதாவது ரத்தத்தில் நஞ்சு, என்றுதான் அழைத்தது. தேடிய நஞ்சு, தமிழில் நஞ்சு என்றே பெயர் வைத்த உறுப்பிலேயே இருந்திருக்கிறது! குழந்தையே உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் வளரும் முத்துப்பிள்ளை கர்ப்பத்திலும் இந்த நோய் வருவதுண்டு. வேறு சாட்சி வேண்டாம்.

மாத்திரை பிபியைக் குறைக்கும், தாயைப் பக்கவாதத்திலிருந்து காக்கும். குறுகிய தமனியை அகலமாக்காது. ஆகவே, “பிபிதான் நார்மல் ஆகிவிட்டதே, எதற்கு இன்னொரு டாப்ளர் ஸ்கேன்?” என்று கேட்க வேண்டாம். குழந்தைக்கு ரத்தம் போகிறதா என்பதை பிபி மெஷின் சொல்லாது. 37 வாரம் ஆனதும் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்கிறார்களே, அவசரமா? இல்லை. நஞ்சுக்கொடி வெளியேறினால்தான் நோய் அடங்கத் தொடங்கும்.

முன்கூட்டித் தடுக்க ஆஸ்பிரின் உதவும். அபாயம் அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி, இரவில் 150 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வெளியானது. 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க வைக்கும் ப்ரீஎக்ளாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. தூர்வாரும் காலத்திலேயே மருந்து போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் முதல் செக்கப்பைத் தள்ளிப்போடக் கூடாது. யாருக்குத் தேவை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் இந்த நோய் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை; பாவம், உப்பில்லாமல் சாப்பிட்டவர்கள் எத்தனை பேரோ.

மிகவும் அஞ்ச வேண்டியது, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிய்ந்து வருவது. வயிறு பலகைபோல் இறுகும், வலி விடாது. ரத்தம் உள்ளேயே தேங்கினால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

பிபி 140/90-ஐத் தொட்டால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, குழந்தையின் அசைவு குறைவது என்றால் விடியட்டும் என்று இருக்காமல் கிளம்புங்கள். பிரசவமாகி வீடு திரும்பிய முதல் வாரத்திலும் பிபி மறுபடி ஏறலாம். அப்போதும் பார்க்கச் சொல்லுங்கள்.