மகள் ஊரின் விருந்தாளி

பெங்களூரில் மகள் வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம், முதல் நாள் காலைச் சிற்றுண்டி லால்பாக் சாலை எம்.டி.ஆர். உணவகத்தில் என்பது எங்கள் வழக்கம். 1924இல் தொடங்கிய உணவகம் அது. இரண்டாம் உலகப் போரின்போது அரிசித் தட்டுப்பாடு ஏற்படவே, ரவையில் இட்லி வார்க்கும் முறை அங்குதான் பிறந்தது என்பார்கள். மறுநாள், காந்தி பஜாரில் 1943 முதல் இயங்கிவரும் வித்யார்த்தி பவனில் தோசை. இவ்விரண்டையும் தாண்டி வேறிடம் தேட எனக்குத் தோன்றியதில்லை. பணம் கொடுப்பவனும் எப்போதும் நானே.

மகளும் மருமகனும் மாலை வேளைகளில் அழைத்ததோ வேறிடங்களுக்கு. இந்திராநகர், ஒயிட்ஃபீல்டு போன்ற பகுதிகளில் கடந்த பதினைந்து ஆண்டுகளாகப் பெருகியிருக்கும், தம் கட்டடத்துக்குள்ளேயே பீர் தயாரித்துப் பரிமாறும் உணவகங்கள் அவை. “மது விற்கும் இடத்தில் எனக்கென்ன வேலை?” என்று மூன்று பயணங்களில் மறுத்துவிட்டேன். நான்காம் முறை மகள் அழைக்கவே இல்லை. “அப்பாவுக்குப் பிடிக்காது, விடுங்கள்” என்று அவள் கணவரிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அவள் வாழும் ஊரை ஒரு நாளும் நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. “இன்று மாலை போகலாமா?” என்று நானே கேட்டேன்.

வாகனத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாடகைக் காரில் சென்றோம். உள்ளே, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலான உலோகக் கலன்கள் நின்றன. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்ட பணியாளர் ஒருவர், கிண்ணத்தில் கொஞ்சம் தானியத்தைக் கொண்டுவந்து காட்டினார். முளைகட்டி உலர்த்திய பார்லி. மென்று பார்த்தேன், இனித்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது என் தாயார் கேழ்வரகை முளைகட்டி, வெயிலில் உலர்த்தி, வறுத்து அரைத்த மாவின் நினைவு வந்தது. தானியம் முளைவிடும்போது, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஆற்றல் அதில் பிறக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து அந்த இனிப்பைப் பிரித்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்தால், சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. எஞ்சும் சக்கை மாட்டுத் தீவனத்துக்கு உதவும்.

இதெல்லாம் புதிய மோகம் என்று எண்ணியிருந்த எனக்கு மருமகன் இன்னொன்றையும் சொன்னார். பெங்களூரின் பழைய பீர் ஆலை ஒன்று உட்பட, தென்னிந்திய ஆலைகள் சில இணைந்து யுனைடெட் புரூவரீஸ் உருவானது 1915இல். நான் பழைமை என்று கொண்டாடும் எம்.டி.ஆரைவிட அது ஒன்பது ஆண்டு மூத்தது!

மருமகன் ஒரு கோப்பை பீர் அருந்தினார். நான் எலுமிச்சைச் சாற்றோடு நிறுத்திக்கொண்டேன்; யாரும் வற்புறுத்தவில்லை. நீர்தோசையும் குந்தாப்பூர் பாணி நெய் வறுவலும் வந்தன. மகள் தன் அலுவலகத்தைப் பற்றியும், வீட்டுக் கடன் தவணையைப் பற்றியும், தொலைபேசியில் ஒருபோதும் சொல்லாத கவலைகளைப் பற்றியும் இரண்டு மணி நேரம் பேசினாள்.

ரசீது வந்ததும் பழக்கத்தால் வாங்கிப் படித்தேன். உணவுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி.; மத்திய, மாநிலப் பங்குகள் தலா 2.5. மதுபானம் ஜி.எஸ்.டி. வரம்புக்குள் வராததால் அதற்குத் தனிக் கணக்கு. கடைசி வரியில் ‘சேவைக் கட்டணம்’ என்றிருந்தது. அது வரியன்று, விரும்பினால் மட்டுமே தரலாம். தானாக அதனை ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. பணிவாகக் கேட்டதும் நீக்கிக் கொடுத்தார்கள். பார்லி காட்டிய பணியாளரின் கையில், எங்கள் விருப்பப்படி ஒரு தொகையைத் தந்தோம்.

வழக்கம்போல் என் கை சட்டைப்பைக்குச் சென்றது. அதற்குள் மகள் தன் கைப்பேசியில் க்யூஆர் குறியீட்டை வருடிவிட்டாள். “இது என் ஊர், அப்பா. இங்கே நீங்கள் விருந்தாளி” என்றாள்.

மறுக்க வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். கையை வெளியே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எம்.டி.ஆருக்குப் போனோம். அங்கே மட்டும் பணம் நான் கொடுத்தேன்.